பழிக்கு வந்த மூன்று பேர்

பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் நமக்கு ஏராளம். பழி எனக்குத்தான் என்று மூன்று பேர் வந்து நின்ற கதையைக் கேட்டிருக்கிறீர்களா? கோபி ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியை அறையில் நடந்தது அது.

அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் கோகிலவாணி. அன்று மட்டும் அவள் டீச்சராக இல்லாமல் நான்காம் வகுப்பு நிவிஷாவின் அம்மாவாக அங்கே உட்கார்ந்திருந்தாள். காரணம், மேசைமேல் கிடந்த ஸ்டீல் ஸ்கேல்.

வகுப்பில் வரிசைக்கு வரிசை நடந்த போட்டியில் கவின் என்ற பையன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லி, நிவிஷாவின் வரிசையைத் தோற்கடித்துவிட்டான். இடைவேளையில் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவன் தனியாக வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் கையை நீட்டச் சொன்னாள். ஸ்கேலைத் திருப்பி, விளிம்பு படும்படி விரல் முட்டியில் அடித்தாள். ஒவ்வோர் அடியையும் அவனையே எண்ண வைத்தாள். எண்ணிக்கை தப்பியபோது மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். 'போதும்' என்று தான் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கவினுக்கு விரல் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது.

"இதையெல்லாம் எங்க கண்ணு கத்துக்கிட்ட?" என்றார் தலைமையாசிரியை.

நிவிஷா அம்மாவை ஒருமுறை பார்த்தாள். வீட்டில் நடப்பதை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்த பிள்ளை அவள்.

"போன்ல, துப்பாக்கி கேம்ல மிஸ். ஆனா அடிச்சது நான். என் மேலதான் தப்பு."

அவளுடைய அப்பா தனசேகர் எழுந்தார். "போனைக் குடுத்ததும் நான், அந்த கேமை ஏத்தி வெச்சதும் நானுங்க மேடம். தப்பு என்னுது."

அடுத்து வந்தவன் பிரணவ். பக்கத்து வீட்டுப் பையன், அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. யாரும் கூப்பிடாமலே வந்து நின்றான். "வெளையாடச் சொல்லிக் குடுத்தது நானுங்க மேடம். ஒளிஞ்சு நின்னு, ஆளு தனியா வரும்போது சுடணும்னு நாந்தான் சொன்னேன்."

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை கோகிலவாணியிடம் தள்ளினார். "கவின் வீட்டுல நடவடிக்கை கேக்கறாங்க. உங்க பொண்ணுக்கு அடிக்கப் பழக்கிவிட்டது யாருன்னு ஒரே ஒரு பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க மிஸ். அப்பா பேரைப் போட்டா, அவரை நான் என்ன பண்ண முடியும்? ஆனா பெரிய கிளாஸ் பசங்க சின்னப் பிள்ளைகளுக்கு கேம் பழக்கினா டி.சி. குடுத்து அனுப்பிடுவோம். இது நம்ம ஸ்கூல் விதி. நீங்க கேட்டுத்தானே போட்டோம்."

உண்மைதான். மூன்று மாதத்துக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, செல்போன் விளையாட்டுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று வெளுத்து வாங்கியவள் அவள்தான். அன்றைக்குக் கைதட்டல் ஓயவில்லை. பிரணவ் பெயரை எழுதுவதும் சுலபம், விளையாட்டில்தான் கற்றுக்கொண்டேன் என்று மகளே சாட்சி சொல்லிவிட்டாள். ஆனால் பிரணவுக்குப் பொதுத்தேர்வு வர இன்னும் நாற்பது நாள்தான். இப்போது டி.சி. வாங்கினால் அவன் எங்கே போவான்?

அந்தப் பள்ளியில் இன்னொரு விதியும் உண்டு. பிள்ளைகளை அடிக்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மீறிய ஒருவரைப் போன வருடம் அன்றே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அது ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது என்று கோகிலவாணி தன்னையே நொந்துகொண்டாள். உட்காரவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை.

பேனா அந்த ஸ்கேலுக்கு அடியில் இருந்தது. எடுப்பதற்காக ஸ்கேலைத் தூக்கினாள்.

பக்கத்தில் நின்ற நிவிஷா, யாரும் சொல்லாமலே, விரலை மடக்கி, முட்டி மேலே தெரிய இடது கையை நீட்டினாள்.

சொல்லுங்கள். பழியைக் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். அந்தத் தாளில் யார் பெயரை எழுதுவது நியாயம்?

விடை: விளையாட்டைச் சும்மா விட்டுவிட முடியாது. தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். அதைக் கொடுத்தவருக்கும் பழக்கியவனுக்கும் அந்த அளவுக்குப் பங்கு உண்டு. ஆனால் துப்பாக்கி விளையாட்டில் கையை நீட்டச் சொல்பவர் கிடையாது. முட்டியில் அடித்து எண்ணச் சொல்பவரும் கிடையாது. அது தினமும் சாயங்காலம் வாய்ப்பாடு சொல்லித்தரும் ஒருத்தியின் வேலை. பழிக்கு வராத அந்த நாலாவது ஆளின் பெயர்தான் அங்கே இருக்க வேண்டும். கோகிலவாணி தன் பெயரைத்தான் எழுதினாள், தெளிவாக. கையெழுத்தும் போட்டு நிமிர்ந்தபோது நிவிஷாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அம்மா இன்னும் 'போதும்' சொல்லவில்லை.