வெட்டியாக நிற்பதை வெட்டு

வேங்கைமலை ராஜா பூபாலருக்கு ஒரு நாள் பொறாமை வந்தது. ராஜாவுக்குப் பொறாமை வந்தால் நாட்டில் யாருக்காவது தலைவலி வந்தே தீரும். பக்கத்து நாட்டு ராஜா முழுக்க முழுக்க மரத்தாலேயே ஒரு மண்டபம் கட்டிவிட்டாராம். இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"நம்மிடம் இல்லாத மரமா மகாராஜா?" என்று எடுத்துக் கொடுத்தார் தளவாய் அனந்தப்பர். "தேன்காட்டில் தேக்கும் வேங்கையும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. மண்டபம் என்ன, மண்டபத்துக்கே ஒரு மண்டபம் கட்டலாம்."

மரம் ஏற்றும் வண்டிகள் எல்லாம் தம் மைத்துனருடையவை என்பதை அவர் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது மரியாதை இல்லை பாருங்கள்!

சேதி காட்டுக்குப் போனது. காட்டுக்குடியின் தலைவி நஞ்சி நேரே சபைக்கு வந்து நின்றாள். கோபத்தில் கும்பிடக்கூட மறந்துவிட்டாள்.

"ராசா, அந்தக் காடு போனா எங்களுக்குத் தேனில்லை, கெழங்கில்லை, தண்ணியில்லை. எங்க சாமி இருக்கறதும் அங்கதான். மலையை விட்டு எறங்கி நாங்க எங்க போவோம்?"

சபை இரண்டாகப் பிரிந்தது. காடு வேண்டும் என்றார்கள் பாதிப் பேர். மண்டபம் வேண்டும் என்றார்கள் மீதிப் பேர். இரண்டிலும் சிலர் ராஜாவின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமாகப் பேசினார்கள்.

"மரத்தை வெட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கத்தினார் தளவாய். "எல்லாம் அங்கே வெட்டியாகத்தானே நிற்கின்றன!"

ராஜாவுக்கோ சிலேடை என்றால் உயிர். துள்ளிக் குதித்தார்.

"ஆகா! வெட்டியாக நிற்பதை வெட்டு! எப்படி இருக்கிறது? வேலை செய்வதைத் தொடாதே, வெட்டியாக நிற்பதை மட்டும் வெட்டு. இதுதான் என் ஆணை!"

சபை கைதட்டியது. ராஜா சொன்னதை அப்படியே ஓலையில் எழுதி முத்திரையும் வைத்தாயிற்று. எது வெட்டியாக நிற்கிறது என்று பார்த்துக் குறி போடும் வேலை இடும்பன் தலையில் விழுந்தது.

இடும்பன் அந்தச் சபையின் விகடகவி. பெயரிலேயே இடும்பு. வேம்புக்கும் வேங்கைக்கும் வித்தியாசம் தெரியாத ஆசாமி. கண்ணை மூடிக்கொண்டு காடு முழுக்கக் குறி போட்டுவிட்டு வருவான் என்று தளவாய்க்கு உள்ளூரச் சந்தோஷம்.

மரம் வெட்டுகிறவர்கள் வெட்டவேண்டிய மரத்தின் நடுவில் காவியால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு விழுந்தால் மரத்தின் ஆயுசு முடிந்தது. காவிக் கிண்ணமும் கோடரிக்காரர்களுமாக இடும்பன் நஞ்சியோடு காட்டுக்குள் போனான்.

"அம்மணி, இந்த மரம் என்ன வேலை செய்யுது?"

"தேனீக்குக் குடியிருக்க எடம் குடுக்குது சாமி."

"இது?"

"இதோட வேருக்கடியிலதான் எங்க ஊத்து."

"இது பட்டுப்போச்சே?"

"பட்டாலும் பொந்துல கிளி குஞ்சு பொரிக்குது."

"சரி, அதோ அந்தப் பெரிய மரம்?"

நஞ்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அதை நாங்க அத்தைன்னுதான் கூப்புடுவோம். உங்க அத்தைகிட்டப் போயி, நீ என்ன வேலை செய்யறேன்னு கேப்பீங்களா சாமி?"

"கேட்டா அடி விழும்," என்றான் இடும்பன். கிண்ணத்தை மூடினான். "வாங்கப்பா, அரண்மனைக்குப் போகலாம்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ராஜா சிம்மாசனத்தில் இருந்தார். மற்றவர்கள் வழக்கம்போல் கைகட்டி நின்றார்கள். நஞ்சியோடும் கோடரிக்காரர்களோடும் உள்ளே வந்த இடும்பன் சாமரம் வீசும் பெண்ணைப் பார்த்தான். "வேலை நடக்கிறது," என்று நகர்ந்தான். நேரே தளவாயிடம் போய் அவர் தொந்தியைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு அளந்தான்.

"நல்ல சுற்றளவு! தளவாயாரே, காலையிலிருந்து என்ன வேலை செய்கிறீர்கள்?"

"மகாராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்!"

"நின்று?"

"நின்று... நிற்கிறேன்."

பட்டு அங்கியின் நடுவில் சர்ரென்று ஒரு காவிக் கோடு விழுந்தது. கோடரிக்காரன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

"இடும்பா! என்ன கூத்து இது?" என்றார் ராஜா.

"தங்கள் ஆணைதான் மகாராஜா. காடு முழுக்கத் தேடினேன். ஒரு மரம்கூட வெட்டியாக நிற்கவில்லை. இங்கே வந்து பார்த்தால் ஒரு தோப்பே நிற்கிறது!"

"நான் மரத்தை அல்லவா சொன்னேன்?"

"ஓலையில் மரம் என்ற வார்த்தையே இல்லையே மகாராஜா."

தளவாய் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மொத்தச் சபையும் உட்கார்ந்தது. ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் வீம்பு விடவில்லை.

"போட்ட ஆணையைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எனக்கில்லை," என்றார். நஞ்சியின் முகம் வாடிவிட்டது. ராஜா இடும்பன் பக்கம் திரும்பினார். "அது இருக்கட்டும். தளவாய்க்கே கோடு போட்டவன் என் பக்கம் மட்டும் வரவில்லையே, பயமா?"

"பயமில்லை மகாராஜா. ஆணை தங்களுக்குப் பொருந்தாது."

"நான் வேலை செய்கிறேன் என்பதாலா?"

"இல்லை மகாராஜா. தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்."

முதலில் நஞ்சிதான் களுக்கென்று சிரித்தாள். அடுத்து ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது! ஓலையை வாங்கி இரண்டாக ஒடித்துப் போட்டார்.

"நஞ்சி, தைரியமாக வீட்டுக்குப் போ. தேன்காட்டில் ஒரு குச்சியைக்கூட எவனும் தொடமாட்டான். மண்டபத்தைக் கல்லிலே கட்டிக்கொள்கிறேன். இடும்பா, உனக்கு என்னடா பரிசு வேண்டும்?"

"உட்கார ஒரு பாய் போதும் மகாராஜா. கோடரிக்காரர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கொடுத்துவிடுங்கள். நானும் இங்கே வருஷக்கணக்காக நின்றுகொண்டுதானே இருக்கிறேன்!"