புதுச் செருப்பு ஏன் கடிக்கிறது

அந்தக் காலத்தில் எருமைகள் பேசும். உயிரோடு பேசினால் பரவாயில்லை, செத்த பிறகும் அவற்றின் தோல் பேசும். அதுதான் அங்காயிக்குப் பெருந்தொல்லையாகப் போயிற்று.

அவளுடைய எருமை பங்குனியில் வயதாகிச் செத்தது. சாகும்போது, "பன்னிரண்டு வருசம் உனக்குப் பால் கொடுத்தேன். என் தோலை நரிக்கு விட்டுடாதே. உன் காலுக்கு ஏதாவது செஞ்சுக்கோ. ஆனா நான் சொல்றதக் காதுல வாங்கி, மரியாதையா செய்" என்று கேட்டது. அங்காயி அழுதுகொண்டே சரி என்றாள்.

அப்போது தோல் செருப்பு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. பனைமட்டையைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். அது நாலு வயல் தாண்டுவதற்குள் நார்நாராகிவிடும். அங்காயியின் தங்கை செவத்தி ஒரு பகல் நடை தூரத்தில், சுடுபாறைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாயில்லாத பெண், புருசனும் மாடு மேய்க்கத் தூரக் காட்டுக்குப் போயிருந்தான், தலைப்பிரசவம் வேறு. "சித்திரை அமாவாசைக்குள்ள வந்துடு அக்கா. நீ பக்கத்துல இல்லேன்னா எனக்குப் பயமா இருக்கு" என்று கிளியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். சித்திரையில் அந்தப் பாறையை வெறுங்காலோடு கடந்தவர் எவரும் இல்லை.

அங்காயிக்குத் தோல் வேலை என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. மயிரைச் சுரண்டினாள், ஈரத்தோலை அப்படியே உச்சி வெயிலில் விரித்துப்போட்டாள். சாயங்காலம் மிதித்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பாதித் தோல் போயே போயிற்று.

"ஊற வைக்காம காய வைப்பியாடி? உன் கையில கொள்ளிய வைக்க!" என்று மிச்சத் தோல் கத்தியது.

"எனக்கென்ன தெரியும்? தோலோடவா பிறந்தேன்?"

"பின்னே, தோலில்லாமலா பிறந்தே?"

அங்காயி பல்லைக் கடித்தாள். ஆனாலும் ஆவாரம்பட்டையை இடித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டு, பத்து நாள் தோலை ஊறவைத்தாள். பதமாக வந்தது. அதன்மேல் ஏறி நின்று, பாதத்தைச் சுற்றிக் கரியால் கோடு கிழித்து, கோட்டின் மேலேயே வெட்டினாள். தைக்க இடம் எங்கே? விளிம்பில் போட்ட ஓட்டைகள் அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் கிழிந்துவிட்டன.

"விரலளவு கூட விட்டு வெட்டணும்னு தோணலியா? தலைக்குள்ள இருக்கறது மூளையா, வைக்கோலா?"

அவள் தொட்டியை எட்டி உதைத்தாள். காலில்தான் வலித்தது.

அமாவாசைக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஒரு ஜோடிக்குத்தான் தோலும் இருந்தது. இந்த முறை விரலளவு விட்டு வெட்டினாள். ஓட்டையை உள்ளே தள்ளிப் போட்டாள். எருமையின் முகத்துத் தோலில் வார் அறுத்தாள். அந்த வாரில்தான் அதன் வாய் இருந்தது.

"பரவாயில்ல, தேறிட்டே," என்றது தோல். "இப்ப எண்ணெய் தடவு. காய்ஞ்சு கிடக்கேன். ஒரு நாள் ஊறட்டும்."

"ஒரு நாளா? அங்க என் தங்கச்சி துடிச்சுக்கிட்டிருப்பா!"

"வாக்குக் கொடுத்தியே? பன்னிரண்டு வருசம் உனக்கு..."

"பன்னிரண்டு வருசம், பன்னிரண்டு வருசம்! உன் வாயைத் தைக்கிறேன் பாரு!"

சொன்னதோடு நிற்கவில்லை, பாவி. ஊசியை எடுத்து ஏழு தையலில் அந்த வாயை இறுக்கித் தைத்தாள். ஆத்திரத்தில் முடிச்சுகளை வெளிப்பக்கம் போடாமல், கால் படுகிற உள்பக்கம் போட்டுவிட்டாள்.

விடிந்ததும் கிளம்பினாள். தைத்த வாய்க்குள்ளிருந்து கிரீச் கிரீச்சென்று ஒரு முனகல். சுடுபாறைக்கு வருவதற்குள் ஏழு முடிச்சும் ஏழு பல்லாகிவிட்டன. சுண்டுவிரலைக் கடித்தன, குதிகாலைக் கடித்தன. போட்டால் ரத்தம், கழற்றினால் கொப்புளம். நிழலுக்கு நிழல் உட்கார்ந்து, நொண்டி நொண்டி அவள் போய்ச்சேர்ந்தபோது அமாவாசை கழிந்து மறுநாள் மத்தியானம்.

செவத்தி குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தனியாத்தான் பெத்தேன். கத்தினேன், கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். கேக்கத்தான் ஒரு நாதியில்ல."

அங்காயி குனிந்து செருப்பைக் கழற்றினாள். குழந்தைக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயில் ஒரு கை அள்ளி வாரில் தேய்த்தாள். அழுதுகொண்டே ஏழு தையலையும் பிரித்தாள். வார் மெத்தென்று ஆனது, கடிப்பதை விட்டது. ஆனால் உதடுகள் ஒட்டிப்போயிருந்தன. "ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்" என்று கெஞ்சிப் பார்த்தாள். அது பேசவே இல்லை.

பிறகு அவள் எத்தனையோ ஜோடி தைத்தாள். முடிச்சை வெளிப்பக்கம் போட்டாள், எண்ணெயில் ஊறவைத்தாள், ஒரு தப்பும் இல்லாமல் தைத்தாள். எந்தத் தோலும் மனிதரோடு பேசவில்லை.

அன்று முதல்தான் புதுச் செருப்பு கிரீச்சென்று முனகுகிறது, எண்ணெய் தடவாமல் அவசரமாக மாட்டினால் கடிக்கிறது. சொல்வதற்கென்று இருந்த வாயைத்தான் நாம் தைத்துவிட்டோமே, வேறு எப்படித்தான் சொல்லும்?