சிந்தாத்திரையின் மேல் இருபதடி மணல்

"அம்மா, இந்தக் காத்தை நிறுத்துங்க" என்றார் வியாகப்பன்.

இஞ்ஞாசியம்மாள் அவருக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். குடிசைக் கதவைத் திறந்தால் மணல் உள்ளே வரும். சாத்தினால் புழுங்கும். வியாகப்பனோ செம்மணலில் இரண்டு மைல் நடந்து வந்திருந்தார்.

இஞ்ஞாசியம்மாள் வீசுவதை நிறுத்தினார்.

"நிறுத்திட்டேன்."

"இந்தக் காத்து இல்லம்மா. அந்தக் காத்து." வியாகப்பன் வெளியே கை காட்டினார்.

"அது என் கையில இல்லையே அண்ணாச்சி."

வியாகப்பனுக்கு வயது எழுபத்திரண்டு. இஞ்ஞாசியம்மாளுக்கு நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். ஆனாலும் அவர் சீடர், இவர் குரு. ஒரு காலத்தில் கன்னியர் மடத்தில் இருந்தவர் இஞ்ஞாசியம்மாள். பேச்சைக் குறைக்க வேண்டுமென்று மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தேரிக்குள் குடிசை போட்டுக்கொண்டார். அவர் பேச்சைக் குறைத்ததும், அதைக் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

தேரி என்றால் செம்மணல் மேடு. ஆனியும் ஆடியும் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும்போது அது நகரும். நகர்கிறது என்பது படித்தவர்கள் சொல்வது. எங்கள் ஊரில் அது எழுந்து நடந்ததைப் பார்த்தவர்களே உண்டு.

ஒரு வருடம் பனைகள் கழுத்துவரை மணலில் புதைந்துவிட்டன. பனையேறும் தாசு தரையில் நின்றபடியே பாளை சீவினார். ஏறாமல் சீவினால் தலை சுற்றுகிறது என்று, நிற்கும்போதும் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார்.

இன்னொரு வருடம் கோயில் வாசல் மூடிப்போய், ஒரு கல்யாணத்தைச் சன்னல் வழியாக நடத்த வேண்டியதாயிற்று. பெண் சுலபமாக உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை சற்றுப் பருமன். பாதியில் சிக்கிக்கொண்டார். பாதிரியார் அவருடைய சம்மதத்தைச் சன்னலில் வைத்தே கேட்டு முடித்தார்.

அந்தத் தேரி, இந்த ஆனியில் கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரைத் தாண்டிவிட்டது.

மேற்குச் சுவரை ஒட்டிய முதல் கல்லறை சிந்தாத்திரையுடையது. வியாகப்பனின் மனைவி. போன வருடம் காலமானவள்.

"மணல் எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டார் இஞ்ஞாசியம்மாள்.

"இப்போதைக்கு சிலுவையோட இடுப்பு வரைக்கும். பின்னால பெரிய மேடு வந்துக்கிட்டிருக்கு. ரெண்டு ஆடி போனா அவ மேல இருபதடி நிக்கும்."

"நிக்கட்டுமே. எல்லாரும் மண்ணுக்குள்ளதானே இருக்காங்க."

வியாகப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். கடைசி நாளில் எக்காளம் ஊதும். செத்தவர்கள் எல்லோரும் எழுந்திருப்பார்கள். அதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. மற்றவர்கள் எப்படியாவது வந்துவிடுவார்கள். ஆனால் சிந்தாத்திரைக்கு இளைப்பு. கோயிலுக்கு மூன்றே படி. இரண்டாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மூன்றாவதில் கால் வைப்பாள். பூசையில் நன்மை அப்பம் வாங்கும் வரிசையில் அவள்தான் எப்போதும் கடைசி. ஒரு தடவை பாதிரியார் பாத்திரத்தை மூடி வைத்த பிறகு போய்ச் சேர்ந்தாள்.

"இருபதடி மணலு. அவ எப்படிம்மா ஏறி வருவா?"

இஞ்ஞாசியம்மாள் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன செய்றீங்க?"

"தினம் காலையில ஓலைக் கடகப்பெட்டியில அள்ளிப் போடுறேன். மறுநாள் போனா அதே அளவு வந்து கிடக்கு."

"அள்ளி எங்க போடுறீங்க?"

"பக்கத்துல."

"பக்கத்துல யாரு?"

வியாகப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

இஞ்ஞாசியம்மாள் விசிறியை எடுத்து மறுபடி வீச ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

மறுநாள் காலையில் வியாகப்பன் தான் குவித்த மணலைத் தானே தோண்டினார்.

உள்ளே ஒரு முழ உயரத்தில் சின்னச் சிலுவை இருந்தது. ரபேல், ஐந்து மாதம் என்று எழுதியிருந்தது.

வியாகப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இளைப்புக்காரியாவது முழங்கையை ஊன்றிப் பார்ப்பாள். ஐந்து மாதப் பிள்ளைக்குத் தவழக்கூடத் தெரியாதே.

இரண்டு கல்லறை மணலையும் அள்ளி மூன்றாவதில் போட்டார்.

மூன்றாவதில் இருந்தவர் பேண்டு செட்டில் பெரிய மேளம் அடித்த சூசை. நல்ல உடம்புக்காரர். மேளத்தோடு சேர்த்துப் புதைத்தாலும் எழுந்து வரக்கூடியவர். அதனால் இரண்டு நாள் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள், சூசை படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தான் போய்ப் பார்க்கவில்லை என்பது வியாகப்பனுக்கு ஞாபகம் வந்தது. அள்ளி நான்காவதில் போட்டார்.

நான்காவது, திருவிழா அசனப் பந்திக்குச் சோறு வடிக்கும் கபிரியேலம்மாள். அவள் கைச்சோறு சாப்பிடாத ஆள் ஊரில் இல்லை. அங்கேயும் விட்டுவைக்க மனம் வரவில்லை.

ஐந்தாவது குருசப்பன். முப்பது வருடமாக வேலித் தகராறு. இவன் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வரட்டுமே என்று வியாகப்பன் இரண்டு நாள் சும்மா இருந்தார். சனிக்கிழமை பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போக வேண்டியிருந்தது. போகும் முன்னால் அள்ளிவிட்டார். ஒரு அரைப் பெட்டி மட்டும் விட்டுவைத்தார்.

இப்படியே வரிசையில் பதினெட்டுக் கல்லறை. தினமும் முதலாவதிலிருந்து ஆரம்பித்துக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். காலைக் கஞ்சி மத்தியானமாயிற்று. ஒருநாள் ரபேலின் கல்லறையில் குனிந்து அள்ளும்போது பலமாகத் தும்மினார். மேல்வரிசைப் பல்செட்டு மணலுக்குள் விழுந்துவிட்டது. சலித்தும் பார்த்தார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடும் கஞ்சிதான்.

பதினெட்டாவது கல்லறைக்கு அப்பால் கிழக்குச் சுவர். வியாகப்பன் மணலைச் சுவருக்கு மேலாக வீசினார். அப்பால் யாரும் புதைக்கப்பட்டிருக்கவில்லை என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

அப்பால் பிலோமினாள் பாய் விரித்துக் கருவாடு காயப் போட்டிருந்தாள்.

பிலோமினாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டவற்றில் எழுதக்கூடியவை சில. செத்தவர்களுக்குக் காட்டும் தயவில் கால்வாசி உயிரோடிருக்கிறவர்களுக்குக் காட்டக்கூடாதா. மோட்சத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் அவள் பாய் வழியாகத்தான் போக வேண்டுமா. கேட்டு முடித்தபின் மணலைக் கூட்டி அள்ளினாள். பொறுப்பான பெண். தெருவில் கொட்டாமல், கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் மேற்குப் பக்கத்து மேட்டிலேயே கொட்டினாள். அதன் வீடு அதுதான் என்றாள்.

தினமும் வியாகப்பன் வீசினார். தினமும் பிலோமினாள் கொண்டுபோய்க் கொட்டினாள்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் வியாகப்பன் போனபோது சிந்தாத்திரையின் சிலுவையடியில், புது மணலின் மேல், அவருடைய பல்செட்டு சிரித்துக்கொண்டிருந்தது.

*

பல்லைக் கழுவிப் போட்டுக்கொண்டு நேராகக் குடிசைக்கு வந்தார்.

"அம்மா, இது அடையாளமா?"

இஞ்ஞாசியம்மாள் அவர் வாயைப் பார்த்தார்.

"அள்ளுனது போதும்னு ஆண்டவர் சொல்றாரா, இல்ல விடாம அள்ளுன்னு சொல்றாரா? வழியெல்லாம் யோசிச்சேன். ஒரு எட்டு வச்சா போதும்னு தோணுது. மறு எட்டு வச்சா அள்ளுன்னு தோணுது."

"பல்லு பொருந்துதா?"

"பொருந்துதும்மா."

"அப்ப உங்க பல்லுதான்."

அவ்வளவுதான். வேறொன்றும் வரவில்லை. மூன்று வருடமாக இந்தக் குடிசைக்கு வருகிறவர், முதல் தடவையாகக் கோபப்பட்டார்.

அடுத்தவர் மேல் போடாதே என்றால் அதற்கும் சரி என்று பதினெட்டுப் பேர் மணலையும் தள்ளியாயிற்று. இப்போது அந்த மணல் ஊரைச் சுற்றித் திரும்பி வந்து நிற்கிறது. இனி என்ன சொல்வீர்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். ஆண்டவர் சித்தம்போல் ஆகட்டும் என்று சொல்லச் சொல்வீர்கள். தென்னை பட்டுப்போனபோது சொன்னேன். மூத்தவன் கப்பலுக்குப் போய், வருடத்துக்கு ஒரு கடிதம் என்றாகி, அதுவும் நின்றபோது சொன்னேன். சிந்தாத்திரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் சொல்லியாச்சும்மா. இதுக்கு மட்டும் வாயில வரலை."

"சொல்லாதீங்க."

வியாகப்பன் திடுக்கிட்டார்.

"என்னம்மா?"

"வரலைன்னா சொல்லாதீங்க. ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல விழுந்து கிடந்து, இந்தப் பாடு வேண்டாம்னுதான் முதல்ல கேட்டாரு. மூணு தடவை போய்க் கேட்டாரு."

"நான் முப்பது தடவை கேட்டாச்சு."

"முப்பத்தொண்ணாவது தடவை கேளுங்க."

"கேட்டா காத்து நிக்குமா?"

"தெரியாது."

"அப்ப நான் அள்ளவா, வேண்டாமா?"

"இடுப்பு என்ன சொல்லுது?"

"இடுப்பு ஆனியிலேயே போச்சு."

வியாகப்பன் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வந்தபோது இருந்ததைவிட இப்போது அதிகம் குழம்பியிருந்தார். சித்தம் என்று சொல்லவும் வேண்டாம். அள்ளு என்றும் சொல்லவில்லை. நிறுத்து என்றும் சொல்லவில்லை. இதற்கு இரண்டு மைல் நடந்திருக்க வேண்டாம்.

வெளியே கூரையோலை படபடவென்று அடித்துக்கொண்டது. கதவுக்கு அடியில் மணல் கோடு கோடாக உள்ளே வந்தது. இஞ்ஞாசியம்மாள் எழுந்து ஒரு சாக்கை மடித்து அங்கே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்றார் வியாகப்பன். குரல் இறங்கியிருந்தது.

"சொல்லுங்க."

கோயில் பங்குக்கூட்டத்தில் முடிவாகிவிட்டதாம். தேரி வந்துவிட்டதால் இனிமேல் பழைய தோட்டத்தில் அடக்கம் கிடையாது. குளத்துக்குக் கிழக்கே புது இடத்தைப் பாதிரியார் மந்திரித்தாயிற்று. பதினைந்து நாளைக்கு முன்னால் அங்கே முதல் அடக்கமும் நடந்துவிட்டது. அடுத்தது தான்தான் என்று ஊரில் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறார்கள். வேடிக்கையில் தப்பில்லை, எழுபத்திரண்டு ஆயிற்று.

"அவ படியேறும்போது நான்தான் கை கொடுப்பேன். நாப்பத்தாறு வருஷம். நான் கை நீட்டாம அவ ஒரு படி ஏறினதில்லை. இப்ப அவ இந்தக் கோடியில, நான் அந்தக் கோடியில. நடுவுல ஊரு, குளம். அன்னைக்கு எக்காளம் ஊதினதும் நான் எந்திரிச்சு, குளத்தைச் சுத்தி ஓடி வந்து, மணலைத் தள்ளி, அவளைப் பிடிக்கிறதுக்குள்ள..."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணல் என்று சொல்லிக் கண்ணையும் துடைத்தார்.

"கொஞ்சம் பிந்தினா அவளை விட்டுட்டுப் போயிருவாங்களே அம்மா."

இஞ்ஞாசியம்மாள் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஜெபிக்கிறாரா, யோசிக்கிறாரா, காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று வியாகப்பனால் சொல்ல முடியவில்லை.

பிறகு கேட்டார்.

"அண்ணாச்சி, அவங்க அந்தக் கல்லறைக்கு எப்படிப் போனாங்க?"

வியாகப்பனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"எப்படின்னா?"

"உங்க வீட்டுல இருந்து கோயிலு. கோயில்ல இருந்து தோட்டம். வழி முழுக்க மணலு. மூணு படி ஏற முடியாதவங்க, அவ்வளவு தூரம் நடந்தா போனாங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கிறீங்க. தூக்கிட்டுத்தானே போனோம்."

"மூச்சு வாங்கினாங்களா?"