முழங்கால் உயரம்

நக்கன் தன் ஆசான் அம்பலவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மருதங்குடி நாட்டின் எல்லைக்கல்லருகே. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காய்ந்த உதடுகளோடு, அவர் அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நக்கனுக்கு அப்போது நாற்பது வயது. பேரரசருக்கு ஓலை எழுதுகிறவன். அன்று அவன் மடியில் இருந்தது அவனே ஆறு மாதம் உழைத்து எழுதிய ஆணை. ஒன்பது நாடுகளின் வழக்கு மன்றங்களையும் மூடிவிட வேண்டும், இனி எல்லா வழக்கும் தலைநகரில்தான் என்றது அது. எட்டு நாடுகளில் வாசித்தாயிற்று. முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். மிச்சம் மருதங்குடி.

அந்த ஒன்பது நாடுகளும் கூடித்தான் ஒரு காலத்தில் பேரரசரின் தந்தைக்கு முடி சூட்டின. அன்றைய உடன்படிக்கையை எழுதியவர் அம்பலவர். அதில் ஒரு விதி உண்டு. பேரரசர் எந்த நாட்டுக்குப் போனாலும் எல்லைக்கல்லில் நிற்க வேண்டும். அந்த நாட்டார் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் உள்ளே போகலாம். அதுவரை அவரும் கூட வந்தவர்களும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது. பொழுது சாயும்வரை குடம் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

குடம் வராத நாளே இருந்ததில்லை. அதனால் எல்லோரும் அதை ஒரு உபசாரம் என்றே நினைத்திருந்தார்கள்.

மூவாயிரம் வீரர்களோடும் அம்பலவரோடும் பேரரசர் காலையிலேயே வந்து நின்றார். உச்சிவேளை ஆயிற்று. குடம் வரவில்லை. கல்லுக்கு அப்பால் இருபது அடியில் ஒரு குளம். கரை முழுக்க மருதங்குடி மக்கள் காலிக் குடங்களோடு பேசாமல் நின்றிருந்தார்கள். ஒருவர் கையிலும் ஒரு கம்புகூட இல்லை.

படைத்தலைவர் கல்லைக் காலால் தட்டினார்.

"முழங்கால் உயரம். என் குதிரை இதைக் கவனிக்காமலே தாண்டிவிடும்."

"தாண்டும்," என்றார் அம்பலவர். "குதிரை வாக்குக் கொடுக்கவில்லையே."

பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள். பேரரசர் சிரிக்கவில்லை.

வெயில் ஏற ஏற அம்பலவரின் தலை தொங்க ஆரம்பித்தது. நக்கன் பதறிப்போய்த் தன் தோல்பையைத் திறந்தான்.

"ஐயா, ஒரு வாய் குடியுங்கள். விதியை எழுதியதே நீங்கள். உங்களை யார் கேட்பார்கள்?"

"அதனால்தான் வேண்டாம்."

"இது ஒரு நாடு. நாம் எட்டு நாடு. இவர்களுக்காகவா இப்படி வாட வேண்டும்?"

"நம் படையில் மருதங்குடிக்காரர்கள் எத்தனை பேர்?"

"முந்நூறு."

"மற்றவர்கள்?"

"மற்ற எட்டு நாட்டார்."

நக்கன் படையைத் திரும்பிப் பார்த்தான். மூவாயிரம் பேரின் இடுப்பிலும் தோல்பை இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. ஒருவரும் அவிழ்க்கவில்லை. குடிக்காதே என்று யாரும் யாரையும் அதட்டவும் இல்லை. அத்தனை பேரின் கண்ணும் பேரரசரின் கால்மேல் இருந்தது.

பேரரசர் அம்பலவரிடம் வந்தார்.

"ஐயா, நான் இதைத் தாண்டினால் என்ன ஆகும்?"

"தாண்டிவிடுவீர்கள்."

"பிறகு?"

"பிறகு அந்தப் பக்கம் நிற்பவர் யாரென்று நான் எழுதி வைக்கவில்லை, அரசே."

பொழுது பனைமரங்களின் தலைக்கு இறங்கியது. பேரரசர் ஒரு காலைத் தூக்கினார். படை மூச்சை அடக்கியது. தூக்கிய காலை அவர் வந்த வழியில் வைத்து, நடந்தார்.

படை முழுதும் திரும்பியது. அப்போதுதான் பின்னால் குளத்தில் குடங்கள் அமிழும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நூறு குடங்கள். ஆணும் பெண்ணுமாக ஓடிவந்தார்கள். கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, கண்ணில் பட்ட வீரனுக்கெல்லாம் ஊற்றினார்கள்.

படைத்தலைவர் தன் முன்னால் குடத்தோடு நின்ற பெண்ணிடம் கேட்டார்: "காலையிலிருந்து எங்களைக் காயப்போட்டுவிட்டு இப்போது எதற்கு?"

"அப்போது கொடுத்தால் உள்ளே வா என்று அர்த்தம். இப்போது வெறும் தாகத்துக்குத்தானே. கையை நீட்டு தம்பி."

அவர் நீட்டினார். அடுத்து அவள் பேரரசரிடம் போனாள். அவர் முடியைக் கழற்றி ஒருவனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, இரு கைகளையும் குவித்தார். ஒன்பது நாட்டிலும் அவர் அவ்வளவு உயரமாகத் தெரிந்த இடம் அதுதான் என்று நக்கன் நினைத்தான்.

பல்லக்கு அனுப்பியும் அம்பலவர் ஏறவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுக் கல்லடியிலேயே இருந்தார். நக்கன் வாசிக்காத ஓலையை மடியில் செருகிக்கொண்டு, விடைபெற வந்தான். போக மனம் வரவில்லை.

"ஐயா, இந்த அரசர் நின்றார். இனி வருகிறவர் நிற்பாரா? கல்லை இரண்டு ஆள் உயரத்துக்கு மாற்றச் சொல்லி ஓர் ஓலை எழுதட்டுமா?"

அம்பலவர் கல்லின் தலையைக் கையால் தடவினார்.

"உயர்த்தினால் ஏணி கொண்டுவருவார்கள், நக்கா."

நக்கன் படையின் பின்னே நடந்தான்.

ஒன்பதாம் நாள் அம்பலவர் மருதங்குடியில் இறந்துபோனார். கல் அங்கேயே இருக்கிறது. முழங்கால் உயரம்.