சுமைதாங்கி கொடுத்த மனு

முன்னொரு காலத்துல, கடலுக்கும் கரைக்கும் எல்லைச் சண்டை தீராத காலத்துல, மிதவைபுரின்னு ஒரு பட்டணம் இருந்துச்சு. எந்தத் திசையிலன்னு கேக்காதீங்க. இன்னிக்கு இங்க இருக்கும், நாளைக்கு அங்க இருக்கும். ஏன்னா அந்தப் பட்டணம் ஒரு ஆமையோட முதுகுல இருந்துச்சு!

சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, நான் காத்திருக்கேன். ஆச்சா? சரி, மேல கேளுங்க.

ஆமைன்னா குளத்து ஆமை இல்ல, மலை மாதிரி ஒரு கடலாமை. அது முதுகுல ஏழு தெரு, ஆயிரத்து நூறு வீடு, ஒரு சந்தை, ஒரு பள்ளிக்கூடம், நட்டநடுவுல நகரசபை. குப்பை அள்ள வண்டி உண்டு. தெருவிளக்கு உண்டு. விளக்கு எரியலேன்னா புகார் போட ஒரு பெட்டியும் உண்டு. அந்தப் பெட்டியோட சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் யாருக்கும் தெரியாது. ஊர்னா அப்படித்தானே!

ஆமைக்கு ஊர்சனம் வெச்ச பேரு சுமைதாங்கி. பேரு வெச்சதோட சரி, வேற யாரும் அதைப் பத்தி நினைக்கிறதில்ல. நம்ம காலுக்குக் கீழ இருக்கிற தரையப் பத்தி நாம என்னிக்கு நினைச்சோம், சொல்லுங்க?

தினமும் விடியக்காலையில சுமைதாங்கியோட கண்ணுல இருந்து தண்ணி வழியும். வெயில் ஏறினதும் அது கன்னத்துல காஞ்சு வெள்ளை வெளேர்னு உப்பாப் பூக்கும். அதைச் சுரண்டி ஏழு கூடையில அள்ளி, தெருவுக்கு ஒரு கூடைன்னு கொடுக்கிறது நகரசபை வேலை. கடல்தண்ணியக் காயவெச்சா உப்பு வராதான்னு ஒரு புத்திசாலி கேப்பீங்க. ஆடிக்கிட்டே இருக்கிற முதுகுல உப்பளம் எங்கய்யா கட்டுறது? அதனால காலங்காலமா இதுதான் வழக்கம். ஆமை அழும், ஊர் உப்பள்ளும்.

அந்த உப்பள்ளுற வேலையில இருந்தவ பேரு தாழை. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு ஆமையோட நெத்தி வழியா இறங்கி, துடைப்பத்தால உப்பைக் கூட்டுவா. மூணாவது பிள்ளையப் பெத்து, உடம்பு தேறி, வேலைக்குத் திரும்பின அன்னிக்கு அவ அந்தக் கண்ணைப் பக்கத்துல பாத்தா. எத்தனையோ நாள் பாத்த கண்ணுதான். ஆனா அன்னிக்கு அவளுக்கு மனசு என்னவோ பண்ணுச்சு. துடைப்பத்தைக் கீழ வெச்சுட்டு, முந்தானையால ஆமையோட இமைய ஒத்தி எடுத்தா.

"ஏன் ஆத்தா அழுவுற? எங்க வலிக்குது?"

அவ்வளவுதான் கேட்டா. கடல் அலை அப்படியே நின்னு போச்சு. சுமைதாங்கி வாயத் திறந்து பேசுச்சு!

"முன்னூறு வருஷமா இந்த ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன், மகளே."

தாழை கயித்தை விட்டுடாம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. காது கொடுத்துக் கேட்டா.

சுமைதாங்கி சொன்ன கதை இது. முன்னூறு வருஷத்துக்கு முன்னால அது ஒரு முறம் அளவு ஆமையா இருந்துச்சு. முட்டையிடறதுக்குன்னு, தான் பிறந்த மணல்கரைக்கு வந்துச்சு. அந்த நேரம் பாத்து அந்தக் கரையோர ஊருக்குள்ள வெள்ளம். சனமெல்லாம் சூறைக்கண்ணன்கிற மந்திரவாதி காலைப் பிடிச்சு, "எங்களைக் காப்பாத்து சாமி"ன்னு அழுதுச்சு. அவன் சுத்திமுத்திப் பாத்தான். கண்ணுல பட்டது இந்த ஆமை. அதைப் பிடிச்சு மலையாக்கி, அது முதுகுல சனத்தை ஏத்திவிட்டு மந்திரம் போட்டான்:

"கடைசிக் கால் இறங்கும்வரை சுமப்பாய்!
கண்ணீரைக் கேட்கும்வரை பேசாதிருப்பாய்!
முன்னூறு வருஷத்தில் கல்லாய்ப் போவாய்!"

காப்பாத்தினான், சரி. யார் தலையில கட்டிக் காப்பாத்தினான் பாத்தீங்களா!

"முட்டை இன்னும் என் வயித்துலதான் இருக்கு மகளே," சுமைதாங்கி சொல்லுச்சு. "வர்ற பௌர்ணமியன்னிக்கு உச்சிவெயில் வர்றப்ப முன்னூறு வருஷம் முடியுது. அதுக்குள்ள என் கரைக்குப் போகணும். எல்லாரும் ஒரே ஒரு தடவை என் முதுகுல இருந்து இறங்கணும். அவங்களாவே இறங்கணும், நான் உதறித் தள்ளக்கூடாது."

"உதறணும்னு உனக்கு என்னிக்காவது தோணுச்சா ஆத்தா?"

"குழந்தைங்க இருக்காங்களே," அப்படின்னுச்சு சுமைதாங்கி.

பௌர்ணமிக்கு இன்னும் அஞ்சே நாள். அன்னிக்கே தாழை ஒரு மனு எழுதி எடுத்துக்கிட்டு நகரசபைக்கு ஓடினா.

சபைத் தலைவர் வரதமாணிக்கம், முப்பது வருஷமா அந்த நாற்காலியில இருக்கிறவர். கெட்ட மனுஷன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும். லஞ்சத்துக்குக் கைநீட்ட மாட்டார், பொய் சொல்ல மாட்டார். ஆனா எதைக் கேட்டாலும் மேசையத் தட்டி ஒரே அதட்டல்.

"மனு கொடுக்கிறது யாரு?"

"சுமைதாங்கி, ஐயா."

"எந்தத் தெரு? கதவு எண் என்ன?"

"ஐயா, தெருவே அவ முதுகுலதானே இருக்கு!"

"கதவு எண் இல்லாத மனு செல்லாது. சட்டம்னா சட்டம்தான்!"

தாழை விடுவாளா? தார்ச்சட்டியத் தூக்கிக்கிட்டு நெத்தியில இறங்கினா. "ஆத்தா, கண்ணை மூடிக்க, தார் வழியும்." ஒண்ணாம் எண் ஏற்கெனவே தலைவர் வீட்டுக்குப் போயிருச்சு. ஒண்ணுக்கும் முன்னால இருந்தவ இவதானே? பெருசா ஒரு பூஜ்யத்தைப் போட்டுட்டு மறுநாள் மனுவை நீட்டினா.

"அக்கம்பக்கத்தார் மூணு பேர் கையெழுத்து எங்க? சட்டம்னா சட்டம்தான்!"

ஓடினா தாழை. இட்லிக் கடை அழகம்மை சொன்னா, "முப்பது வருஷமா என் மாவுல விழுற உப்பு அவளோடது, போடுறேன் கையெழுத்து." நெசவுக்காரர் சீரங்கம் சொன்னார், "புயல்ல நடுங்கிக் கிடந்தோம். அவ மூச்சை அடக்கிக்கிட்டு நீந்தினா, என் தறியில ஒரு நூல் அறுந்ததில்ல, கொண்டா இங்க." கைப்பிள்ளைக்காரி ஒருத்தி சொன்னா, "என் வீட்டுத் தொட்டிலை நான் ஆட்டினதே இல்லக்கா. அவ நீந்துவா, அது ஆடும்." மூணு கையெழுத்தும் போட்டப்பதான் மூணு பேருக்கும் உறைச்சுச்சு, இத்தனை நாள் இதை யார்கிட்டயும் சொன்னதில்லையேன்னு.

மூணாம் நாள் மனுவை நீட்டினா.

"மனுதாரர் நேர்ல வந்து நிக்கணும். சட்டம்னா…"

தலைவர் சொல்லி முடிக்கல. சன்னல் இருட்டாச்சு. கழுத்தை வளைச்சு, தலையைத் தூக்கி, நகரசபைக்குள்ள ஒரு பெரிய கண்ணு எட்டிப் பாத்துச்சு. அது விட்ட மூச்சுல கோப்பெல்லாம் நனைஞ்சு, குமாஸ்தா மேசைக்கு அடியில போயிட்டார்.

"வந்திருக்கேன் ஐயா," அப்படின்னுச்சு சுமைதாங்கி.

ஊரே சபை வாசல்ல கூடிருச்சு. தாழை மனுவை வாசிச்சா. வாசிச்சு முடிச்சதும் தலைவர் எழுந்து நின்னார். இந்தத் தடவை அவர் மேசையத் தட்டல.

"கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா யோசிங்க. நாம இறங்கினா மந்திரம் போயிரும். மந்திரம் போனா ஆமை முறம் அளவு ஆயிரும். அப்புறம் ஆயிரத்து நூறு வீடும் எங்க நிக்கும்? நம்ம பிள்ளைங்க எங்க படுக்கும்?"

அவர் சொன்னதும் நியாயம்தானே? பின்னாலேருந்து எண்ணெய்க் கடைக்காரன் மெதுவா முனகினான்: "கல்லாப் போனா என்ன கெட்டுப்போச்சு? ஆடாம அசையாம இருக்குமே. ஊருக்கு நல்லதுதானே?"

அது சுமைதாங்கி காதுலயும் விழுந்துச்சு. கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சு, சபை வாசல்படியில சொட்டுச்சு.

தாழை படியேறி நின்னா. "இன்னிக்கு உப்பில்லாம சாப்பிட்டவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க."

ஒரு கை எழும்பல.

"அது அவ அழுத உப்பு. முன்னூறு வருஷமா பேறுகால வலியில அழுத உப்பு. நமக்கு அது ருசியா இருந்துச்சு. நானே கூட்டி அள்ளி உங்களுக்குக் கொடுத்தேன். என்னாலயும் ஒரு நாள்கூட கேக்கத் தோணல."

அழகம்மை ஓன்னு அழுதுட்டா. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பிள்ளைகளுக்கு நாமதானடி சொல்லிக் கொடுத்தோம்! வீடு போனா போகட்டும். மரம் இருக்கு, மண்ணு இருக்கு, கை இருக்கு. கட்டிக்கலாம்."

இறங்கலாம்னு ஒரு கை எழும்புச்சு. பத்து கை எழும்புச்சு. ஏழு தெருவும் கை தூக்குச்சு. எண்ணெய்க் கடைக்காரன் வெக்கத்துல ரெண்டு கையையும் தூக்கினான். ஆளுக்கு ஒண்ணுதான்னு குமாஸ்தா ஒண்ணை இறக்கிவிட்டார். தூக்காத கை தலைவரோடது மட்டும்தான்.

ரெண்டு நாள் நீந்தி, பௌர்ணமியன்னிக்குக் காலையில சுமைதாங்கி தன் கரையத் தொட்டுச்சு. சனம் மூட்டை முடிச்சோட இறங்குச்சு. இறங்கினதும் ஒரு கூத்து நடந்துச்சு. ஆடுற முதுகுலயே பிறந்து வளர்ந்தவங்க இல்லையா? ஆடாத தரையில நிக்கத் தெரியல! தள்ளாடி விழுந்தவங்க பாதி, தலைசுத்தி வாந்தி எடுத்தவங்க மீதி.

ஆனா சுமைதாங்கி சின்னதாகல. வெயில் ஏறுது. அதோட பின்கால் ரெண்டும் சாம்பல் நிறமாகி, கல்லாக ஆரம்பிச்சிருச்சு.

"யாரு இன்னும் மேல இருக்கா?" தாழை கத்தினா. தெருத்தெருவா தலையை எண்ணினாங்க. தலைவரைக் காணோம்.

தாழை மறுபடி மேல ஏறினா. ஆளில்லாத தெரு, ஆளில்லாத சந்தை. நகரசபைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு.

"ஐயா, நேரம் இல்ல. வாங்க."

"நீ போ தாழை." உள்ளேருந்து குரல் கம்மியா வந்துச்சு. "முப்பது வருஷம் இந்த ஊரைப் பாத்துக்கிட்டேன். இறங்கினா ஊர் இல்ல. ஊர் இல்லேன்னா நான் யாரு?"

தாழைக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் பாவமா இருந்துச்சு. மனுஷன் பிடிவாதத்துல பேசல, பயத்துல பேசுறார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு செய்ங்க. கையைத் தரையில வெச்சுப் பாருங்க."

உள்ள நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.

"நடுங்குதே," அப்படின்னார்.

"அதுதான் வலி ஐயா. மூணு பெத்தவ சொல்றேன். உங்களைப் பெத்தப்ப உங்க அம்மாவும் இப்படித்தான் நடுங்கியிருப்பாங்க. ஆனா அவங்க முதுகுல யாரும் நாற்காலி போட்டு உக்காந்திருக்கல."

தாழ்ப்பாள் விலகுச்சு. கதவைத் திறந்துக்கிட்டு தலைவர் வந்தார். கையில கோப்பு இல்ல, முத்திரை இல்ல. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டே தாழை கையைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டோட ஓரத்துக்கு வந்தார். தாழைய முன்னால இறங்கவிட்டு, கடைசியா அவர் குனிஞ்சு அந்த ஓட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

"மன்னிச்சிரு தாயி. இத்தனை நாள் சுமந்ததுக்கு ரொம்ப நன்றி."

கடைசிக் கால் மணல்ல பட்டுச்சு. உச்சியில சூரியன்.

இடி மாதிரி ஒரு சத்தம்! எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. திறந்து பாத்தா, பட்டணம் அப்படியே நிக்குது! ஏழு தெருவும் நிக்குது, ஆயிரத்து நூறு வீடும் நிக்குது. மலை மாதிரி ஓடு கரையில குன்றாப் பதிஞ்சு போச்சு. அதுக்கு அடியிலேருந்து, மணலைத் தள்ளிக்கிட்டு, முறம் அளவுல ஒரு ஆமை மெல்ல வெளிய வந்துச்சு.

"உடம்பு என்னோடது, எனக்குத் திரும்பிருச்சு," அப்படின்னுச்சு சுமைதாங்கி. "இந்தப் பெரிய ஓடு உங்களைச் சுமக்கிறதுக்குன்னே வளர்ந்தது. அது எனக்கு எதுக்கு? உங்களுக்கே இருக்கட்டும்."

அதுக்கப்புறம் அது பேசல. பேச நேரமும் இல்ல. மணலைத் தோண்ட ஆரம்பிச்சிருச்சு. பொம்பளைங்க எல்லாம் ஓடிவந்து சேலையைச் சுத்திப் பிடிச்சு மறைப்புக் கட்டினாங்க. ஆம்பளைங்க எல்லாம் திரும்பி நின்னாங்க. நூத்துப் பத்து முட்டை! முன்னூறு வருஷம் வயித்துல இருந்த முட்டை. தாழை சுமைதாங்கியோட கண்ணைத் துடைச்சுவிட்டா. இட்டு முடிச்சு, மணலை மூடி, அது கடலுக்குள்ள போனப்ப ஒருத்தர் கண்ணும் காயல.

அம்பது நாள் ஊரே காவல் இருந்துச்சு. நரி வராம ஒரு தெரு, நாய் வராம ஒரு தெரு. அம்பத்தோராம் நாள் விடியற நேரம் மணல் பொசுபொசுன்னு அசைஞ்சுச்சு. உள்ளங்கை அளவு குஞ்சுங்க, நூத்துப் பத்தும் தத்தித் தத்திக் கடலைப் பாத்து ஓடுதுங்க. மேல காக்காக் கூட்டம்! நம்ம தலைவர் என்ன பண்ணினார் தெரியுமா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சபைச் செங்கோலைச் சுழட்டிக்கிட்டு, முழங்கால் தண்ணி வரைக்கும் காக்கா விரட்டிக்கிட்டே ஓடினார்.

கடைசிக் குஞ்சு அலையில ஏறுச்சு. கொஞ்ச தூரத்துல ஒரு ஆமைத்தலை தண்ணிக்கு மேல தெரிஞ்சுச்சு. தலைவர் மூச்சு வாங்க நின்னு, ரெண்டு கையையும் கூப்பினார்.

"போயிட்டு வாங்கம்மா," அப்படின்னார். "எத்தனை பேரா வேணும்னாலும் வாங்க. இது உங்க ஊரு."

அந்தக் குஞ்சுங்க வளர்ந்து, முட்டையிட அந்தக் கரைக்கே வந்துச்சுங்க. அதுங்க குஞ்சுங்களும் வந்துச்சுங்க. மிதவைபுரி சனம் ஒரு வருஷம் தவறாம கரையில நின்னு, வர்ற ஒவ்வொருத்தியையும் "வாம்மா, வழியில சௌக்கியமா, எங்கயாவது வலிக்குதா?"ன்னு கேட்டுக் கேட்டுத்தான் கூட்டிட்டு வர்றாங்க.