நாச்சிமுத்துவின் மைலேஜ்

“அம்மா, மைலேஜ் குறையுதுங்க,” என்றார் நாச்சிமுத்து.

மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக மனசைப் பற்றிக் கேட்பார்கள். பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். தூக்கம் வரவில்லை என்பார்கள். பெட்ரோலைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

பூங்கோதை அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மடத்தில் குரு அவர்தான். நாச்சிமுத்துவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதனால் சீடரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். திட்டும்போதும் அப்படித்தான்.

“உக்காருங்க. எப்ப இருந்து குறையுது?”

“தை மாசத்துல இருந்துங்க. நானும் பண்ணாத வைத்தியம் இல்லை.”

நாச்சிமுத்து நூல் மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் சைக்கிளும் பஸ்ஸும்தான். போன வருஷம் அவர் மனைவி ரங்கநாயகி டவுன் பஸ் படியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவளை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதற்காக ஒரு பழைய கார் வாங்கினார். அதுதான் அவருடைய முதல் வண்டி.

சின்ன வண்டி. வெள்ளை. முன்பு ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது. கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பாவை மூடுகிற சத்தம் வரும். ஆனால் பெட்ரோலைக் குடிக்காது, நக்கும்.

“மைலேஜுல இதை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க,” என்று விற்றவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நாச்சிமுத்து அதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டார். மடத்தில் கொடுத்த மந்திரத்தைக்கூட அவர் இவ்வளவு சிரத்தையாக ஜெபித்ததில்லை.

“என்ன வைத்தியம் பண்ணுனீங்க?” என்றார் அம்மா.

“விடியக்காலையிலதான் பெட்ரோல் போடறேனுங்க. அப்பத்தான் குளுந்து கெட்டியா இருக்கும். ஏசி போடறதே இல்லை. கண்ணாடியும் எறக்கறதில்லை. காத்து உள்ள பூந்தா வண்டியைப் புடிச்சு இழுக்குமுங்க.”

“சித்திரை வெயில்ல வேர்க்காதா?”

“வேர்க்குமுங்க.”

“சரி.”

“எறக்கம் வந்தா இன்ஜினை ஆஃப் பண்ணிருவேன். வாய்க்கால் பாலத்துல ஆஃப் பண்ணுனா மாரியம்மன் கோயில் வரைக்கும் சும்மாவே உருண்டு வந்துருமுங்க.”

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. தியானத்தில் உட்கார்ந்து எழுந்தபோது அந்த முகம் ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

“பிரேக் பிடிக்குமா?”

“அழுத்தி மிதிச்சா புடிக்குமுங்க.”

“எங்கெல்லாம் போறீங்க வண்டியில?”

நாச்சிமுத்து யோசித்தார். “பெட்ரோல் போடப் போவேனுங்க. அப்புறம்… மைலேஜ் பாக்கப் போவேன்.”

“ரங்கநாயகி?”

“அவ வண்டியில வர்றதில்லீங்களே.”

அம்மாவின் கை நின்றது.

“இன்னைக்கு ஆஸ்பத்திரி நாளில்லையா?”

“ஆமாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ் ஸ்டாப்புக்கு வந்துருவா. அவளேதான் பஸ்ல போயிக்கறேன்னு சொல்லிட்டா. தை மாசத்துல இருந்து அப்படித்தான். நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீ ஏறுனா எடை கூடி வண்டி இழுக்குதுன்னேன். அவ்வளவுதான். உள்ளதைத்தானே சொன்னேன்?”

இதைச் சொன்ன மனிதர் கெட்டவர் இல்லை. ரங்கநாயகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

“அவங்க ஏறாம இருந்தும் மைலேஜ் குறையுதா?” என்றார் அம்மா.

“அதுதானுங்க எனக்கும் புரியலை.”

“அப்ப வேற எடை ஏதோ இருக்குது.”

நாச்சிமுத்து துள்ளி எழுந்தார். “அதேதானுங்க! உங்க ஒருத்தருக்குத்தான் புரியுது. ஊட்டுல சொன்னா மூஞ்சியைத் திருப்பிக்கறா.”

“வாங்க. எறக்கிப் பாத்துருவோம்.”

மடத்து வாசலில் வண்டி நின்றது. முதலில் ஸ்டெப்னியை இறக்கினார்கள். அப்புறம் ஜாக்கி, தண்ணீர் கேன், கால் மிதியடிகள். ரங்கநாயகியின் இடுப்புக்கு முட்டுக் கொடுக்க வாங்கிய தலையணை ஒன்று பின்சீட்டில் கிடந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நாச்சிமுத்து அதையும் தூக்கி ஸ்டெப்னியின் மேல் வைத்தார்.

“பின்சீட்டு?” என்றார் அம்மா.

“கழட்டிரலாமுங்க. போல்ட்டுதான்.”

அவரே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். சட்டை முழுக்க அழுக்கு. அவ்வளவு சந்தோஷமாக அவரை மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

“இப்ப கிளம்புங்க. நானும் வர்றேன்,” என்று அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மடத்து மேட்டிலிருந்து சாலை சரிந்து இறங்குகிறது. நாச்சிமுத்து வழக்கம்போல இன்ஜினை அணைத்தார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. கண்ணாடி ஏற்றியிருந்தது. இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

“நிறுத்துங்க.”

“ஏனுங்க அம்மா?”

“நானும் ஒரு எடைதானே?” அம்மா கதவைத் திறந்து இறங்கினார்.

“ஐயோ! நீங்க குரு. உங்களை நடக்க விட்டுட்டு…”

“குருவுக்கு எடை இல்லையா? காலையில ரெண்டு இட்லி சேர்த்தே சாப்பிட்டேன்.”

நாச்சிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்குதே.”

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். பின்சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரம். முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“விபூதிப் பொட்டலமுங்களா?”

“அது கிடக்கட்டும். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு ஒண்ணு உக்காந்திருக்குது பாருங்க.”

குரு வாக்கு. நாச்சிமுத்து இறங்கினார்.

இருவரும் சாலையோரம் நின்று வண்டியைப் பார்த்தார்கள். நல்ல வெயில். ஒரு ஆட்டுக்குட்டி வந்து டயரை முகர்ந்துவிட்டுப் போனது.

“இப்ப எவ்வளவு குடுக்கும்?” என்றார் அம்மா.

நாச்சிமுத்து நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“இப்பப் பெட்ரோலே ஆகாதுங்க.”

“இதுக்கு மேல மைலேஜ் உண்டா?”

“இல்லீங்க.”

“சந்தோஷந்தானே?”

அம்மா பதிலுக்காக நிற்கவில்லை. சேலையை உதறிக்கொண்டு மேட்டில் ஏறி நடந்தார். அவரைக்காய் பாதி மீதி இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு சந்தேகம் கேட்க வந்தால் இப்படியா நடுரோட்டில் நிறுத்தி விளையாடுவது? கதவை ஓங்கிச் சாத்தினார். இன்ஜினைப் போட்டார். மடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாமான்களை ஏற்றவும் மனம் வரவில்லை. கீழே விட்டார்.

காலி வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் தகரம் மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை நாளும் வண்டியில் தனியாகத்தான் போய்வந்தார். இன்றைக்குத்தான் அது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் ரங்கநாயகி ஒயர்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று அவள் உட்காருவதில்லை.

நாச்சிமுத்து வண்டியை நிறுத்தி, எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறு.”

“வேண்டாங்க. வண்டி இழுக்கும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அது அவருக்குச் சுருக்கென்றது.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “பின்சீட்டு எங்கீங்க?”

“மடத்துல.”

“ஸ்டெப்னி?”

“அதுவும் அங்கதான்.”

“கதவை எப்பக் கழட்டறதா இருக்கறீங்க?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

டிரைவர் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினான். எப்போதும் அப்படித்தான் நிறுத்துவான். எல்லோரும் ஓடினார்கள். ரங்கநாயகி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி ஆளாக நடந்தாள். நாச்சிமுத்து இறங்கி அவள் பின்னால் போனார்.

“நீங்க எங்கீங்க வர்றீங்க?”

“நானும் வர்றேன்.”

“வண்டி?”

“நிக்கட்டும்.”

அவள் வலது கையால் கம்பியைப் பிடித்தாள். இடது கையால் முழங்காலுக்குக் கீழே சேலையோடு சேர்த்துப் பிடித்து, காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். தன் காலை இல்லை, யாரோ கொடுத்த சாமானைத் தூக்கி வைப்பது போல இருந்தது. வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் இறுகியிருந்தது. வலி அடங்கின பிறகுதான் அடுத்த காலை எடுக்க முடியும் போலிருந்தது.

நாச்சிமுத்து அந்தப் படியைப் பார்த்தார். இதே மாதிரிப் படிதான் அவளைப் போன வருஷம் கீழே தள்ளியது. தை மாசத்திலிருந்து வாராவாரம் அவள் இதில் தனியாக ஏறியிருக்கிறாள். அந்த நேரத்தில் தான் எங்கே உருண்டுகொண்டிருந்தோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கண் கலங்கிவிட்டது.

டிரைவர் இன்ஜினை உறுமவிட்டான். கண்டக்டர் பின்படியிலிருந்து தலையை நீட்டினார்.

“ஏனுங்க, ஏறுறீங்களா இல்லையா? நேரமாச்சு!”

பஸ் முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து கீழே குனிந்தார். ரங்கநாயகியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, படியிலிருந்து எடுத்து, மெதுவாகத் தரையில் வைத்தார்.

“என்னங்க இது, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து கண்டக்டரைப் பார்த்தார்.

“நீங்க போங்க. எங்களுக்குக் கார் இருக்குதுங்க.”