வீடு என்ற தலைப்பில் இரண்டு படங்கள்

பாளையங்கோட்டையில் அருணகிரி என்று ஒரு பல் டாக்டர். பகல் முழுக்க வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களோடு பழகியதாலோ என்னவோ, அவரும் அதிகம் பேசமாட்டார். கிளினிக்குக்கு மேலே ஒரு ஹால். மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடிப் படம் பார்ப்பார்கள். பழைய படம், பாட்டில்லாத படம், இனாமாகக் கொடுத்தாலும் எந்தத் தியேட்டர்காரனும் ஓட்டமாட்டான் என்கிற மாதிரிப் படம்.

ஒரு தலைப்பு, இரண்டு படம். ஒருவர் ஒன்று கொண்டுவருவார், இன்னொருவர் இன்னொன்று. முன்கூட்டிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பார்த்து முடித்ததும் இருவரும் எழுந்து பேச வேண்டும். ஆனால் தன் படத்தைப் பற்றித் தான் வாய் திறக்கக் கூடாது. அடுத்தவர் படத்துக்குத்தான் பேச வேண்டும்.

இது என்ன சட்டம் என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்களே புகழ்ந்துக்கிட்டிருந்தா, மத்தவன் எதுக்குப் பாக்கணும்?" என்றார் டாக்டர்.

குரு என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் படத்தில் சந்தேகம், வீட்டில் சங்கடம், எதுவானாலும் அவருடைய மாடிப்படியில்தான் ஏறுவார்கள். அதிகம் ஏறியது வத்சலாவும் ஜெசிந்தாவும். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒரே கான்வென்ட், ஒரே பெஞ்ச், கடைசியில் வந்து சேர்ந்ததும் அடுத்தடுத்த தெரு. படம் கொண்டுவருகிற ஜோடி என்றால் பெரும்பாலும் இவர்கள்தான்.

ஒரு மாதம் தலைப்பு, பசி. வத்சலா பஞ்சத்தில் ஊரைவிட்டு நடக்கிற ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தாள். ஜெசிந்தா கொண்டுவந்தது ஒரு கல்யாண விருந்து.

"ஏட்டி, தலைப்பு பசியா, பந்தியா?"

"தின்னு முடிச்சவன் மூஞ்சியப் பாத்தியா நீ? பாத்துட்டு வந்து பேசுட்டி."

அப்படித்தான் எட்டு வருடம் போனது.

ஜெசிந்தா இறந்து மூன்று வாரம் கழித்து வத்சலா தனியாக மாடிப்படி ஏறினாள்.

"டாக்டர், அவளுக்கு ஒரு கூட்டம் வைக்கணும்."

"வைப்போம்."

"அவ வீட்டுக்குப் போயிருந்தேன். கடைசியா இங்க கொண்டுவந்தாளே, அந்தப் படத்தையே போடுங்க சிஸ்டர்ங்கிறாரு அவ வீட்டுக்காரர் தேவசகாயம் அண்ணன். நான் பேசணுமாம்."

"சரிதானே."

"அதுக்கு ஜோடியா ஒரு படம் வேணும். எதைப் போட்டா எடுப்பா இருக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் படத்துல என்ன கதை?"

"நீங்களும்தானே பாத்தீங்க!"

"பேசப் போறது நீங்க. சொல்லுங்க."

"ஒரு பொம்பள வீட்டைக் காலி பண்றா. தையல் மெஷினை ஒருத்திக்குக் கொடுக்கிறா. சுவர்க் கடிகாரத்தைக் கழட்டி இன்னொருத்திக்குக் கொடுக்கிறா. புருஷன் பின்னாலேயே சுத்துறான். முடிஞ்சுது."

"எதுக்குக் காலி பண்றா?"

"வேற ஊருக்குப் போறா."

"எந்த ஊருக்கு?"

வத்சலாவுக்கு எரிச்சல் வந்தது. "அதை எங்க அந்த டைரக்டர் சொன்னான்? சொல்லாததுக்குத்தானே அவனுக்கு அவார்டு!"

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். புரொஜெக்டரைப் போட்டார். ஒரு நாற்காலியைக் காட்டினார். கீழே யாரோ தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஜெசிந்தா கடைசியாக வந்த அந்த மாதத் தலைப்பு, வீடு. வத்சலா கொண்டுபோனது அண்ணன் தம்பி இருவர் வீட்டு நடுவே சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டு அடிக்கிற கூத்து. பிறகு ஜெசிந்தாவின் படம் ஓடியது. ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடமே வத்சலாவுக்கு ஒரு ஜோக் சிக்கிவிட்டது. மீதி நேரமெல்லாம் இருட்டில் உட்கார்ந்து அதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டதும் முதலில் எழுந்தவள் அவள்.

"இந்த அம்மா ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்குப் போன் போட்டிருந்தா, நாம எல்லாரும் அரை மணியில வீட்டுக்குப் போயிருக்கலாம்!"

ஹாலே அதிர்ந்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை. போன் போட்டால், "சோலி கெடக்குட்டி" என்றாள். ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா என்று வத்சலாவும் வீம்பாக இருந்துவிட்டாள். அவளுக்கு ரொம்ப நாளாகவே நோய் என்பது ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது. ஓடினாள். அதற்குள் ஜெசிந்தாவுக்குப் பேச்சு நின்றிருந்தது.

இப்போது படம் மறுபடி ஓடியது. சொல்வதற்கு வத்சலாவிடம் ஜோக் எதுவும் இல்லை. பார்த்தாள்.

அந்தப் பெண் புருஷனை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி சூப் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் உப்பை அள்ளிக் கொட்டுகிறான். அவள் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறாள். மறுநாளும் வைக்கச் சொல்கிறாள். அன்று சூப் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறாள்.

எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போகிறது. கடைசியில் ஒரு மேஜை, ஒரு கிண்ணம், அவன்.

டாக்டர் மேலே வந்தபோது திரை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"டாக்டர், அவ பெட்டியே கட்டல."

"ஆமா."

"எல்லாத்தையும் தூக்கிக் கொடுக்கிறா. தனக்குன்னு ஒரு சேலை துணி எடுத்து வைக்கல. ஊருக்குப் போறவ ஒரு பெட்டியாவது கட்டமாட்டாளா? எங்க வீட்டு மனுஷனோட ட்ரான்ஸ்ஃபருக்கெல்லாம் பெட்டி கட்டியே இடுப்பு போனவ நான். எனக்கு இது கண்ணுல படல."

டாக்டர் புரொஜெக்டரை அணைத்தார்.

"உங்களுக்கு அன்னைக்கே புரிஞ்சுதா?"

"இல்ல. அவங்க போன பிறகு போட்டுப் பாத்தேன்."

"அண்ணன் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாரு. சர்க்கரை டப்பா எதுன்னு தெரியாத மனுஷன் அவரு. அளவா, நல்லா இருந்துது. மடமடன்னு குடிச்சுட்டு வந்துட்டேன். யாரு சொல்லிக்கொடுத்தான்னு ஒரு வார்த்தை கேக்கல."

கீழே கம்பவுண்டர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, டாக்டர். ரெண்டு எட்டு வச்சா என் வீடு."

"சொல்லத்தானே படத்தைக் கொண்டுவந்தாங்க."

"அவ படத்துக்கு அவ பேச முடியாது. நான்தான் பேசணும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் பேசுனேன், நல்லா!"

முந்தானையைச் செருகிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"அண்ணன் இன்னொண்ணும் சொன்னாரு. அன்னைக்கு அவ இங்கருந்து வீட்டுக்குப் போய், வத்சலா படத்துக்குப் பேசும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிட்டேன், இனி தனியா யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாளாம். நீங்க கேட்டீங்கள்ல சிஸ்டர்னு என் மூஞ்சியையே பாக்காரு. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அதைத்தானே நான் உங்ககிட்டக் கேக்கேன்! எந்திரிச்சா. அந்தக் கோடு கிழிச்ச வீட்டைப் பத்தி என்னமோ சொன்னா. உக்காந்துட்டா. அப்ப ஆளாளுக்கு என் கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டு இருந்தாங்க. ஒரு சொல் காதுல விழல."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க முதல் வரிசை. அவளுக்கு நேர் எதிர்க்க. எதையும் மறக்கமாட்டீங்க. கூட்டம் வேண்டாம், ஜோடிப் படம் வேண்டாம். அவ சொன்னதை மட்டும் சொல்லுங்க டாக்டர். என்ன சொன்னா?"

டாக்டர் ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். வெளிச்சம் வந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"தெரியலம்மா. நான் அப்ப உங்க ஜோக்குக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."